காவலர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவல் பணியில் சேர நினைப்பவர்கள், சேர்ந்தவர்களின் வீட்டார், ரோந்து வண்டியில் வந்து இறங்குபவருக்கு என்னதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று யோசிக்கும் பொதுமக்கள் என மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஓர் ஊரை, ஒரு நகரத்தைக் கவனித்துக்கொள்ளும் உள்ளூர் காவல் துறைகளை மனதில் வைத்தே பதில்கள். அமெரிக்க உதாரணங்கள் கொஞ்சம் கூடுதலாக வரும். தனித்தனியாக இயங்கும் உள்ளூர் காவல் துறைகள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும் நிறைய, அதை எழுதி வைத்திருப்பதும் நிறைய.

ஒருவரைக் காவலராக்க எவ்வளவு காலம் ஆகும்?

நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அமெரிக்காவில் பயிற்சிப் பள்ளியின் அடிப்படைப் பயிற்சி சராசரியாக 800 மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ ஐந்து மாதம். ஜெர்மனியில் மாநிலத்தைப் பொறுத்து இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள். நார்வேயிலும் பின்லாந்திலும் அது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு.

ஆனால் வெறும் கால அளவை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. நார்வேயின் மூன்று ஆண்டுகளில் நடு ஆண்டு முழுக்கக் காவல் நிலையத்தில் அனுபவசாலிகளோடு வேலை. அதை முடித்துவிட்டு மறுபடி வகுப்பறைக்கு வருகிறார்கள். நேரில் பார்த்துவிட்டு வந்தவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். நீளத்தைவிட இந்த அமைப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எப்போதிருந்து இப்படி முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

லண்டனில் 1829-இல் மாநகரக் காவல் துறை தொடங்கியபோது கொஞ்சம் கவாத்து, சில விதிகள், ஒரு சீருடை, அவ்வளவுதான். முதலாம் எண் கொடுக்கப்பட்ட காவலரே குடித்திருந்ததற்காக நான்கு மணி நேரத்தில் வேலையை இழந்தார் என்பது அந்தத் துறை தானே சொல்லிக்கொள்ளும் கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் ஆகஸ்ட் வோல்மர் 1908-இல் காவலர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். சட்டம், சாட்சியம், தடயம் எல்லாம் பாடமாக வந்தது அங்கேதான். மாநில அளவில் குறைந்தபட்சத் தரம் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் அரை நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது. கலிபோர்னியா அதற்காக ஓர் ஆணையம் அமைத்தது 1959-இல்.

பயிற்சிப் பள்ளியில் எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்?

அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2013-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. சராசரியாகத் துப்பாக்கிப் பயிற்சிக்கு 71 மணி நேரம். தற்காப்பு, ஆளை மடக்கிப் பிடிப்பது போன்றவற்றுக்கு 60. ரோந்து நடைமுறைக்கு 52. உடற்பயிற்சிக்கு 49. அறிக்கை எழுத 25. மனநோய் உள்ளவர்களை அணுகுவது எப்படி என்பதற்கு 10. காவலர் தன் மன அழுத்தத்தைச் சமாளிக்க 6.

இப்போது ஒரு ரோந்துக் காவலரின் சாதாரண நாளை நினைத்துப் பாருங்கள். அவர் மணிக்கணக்கில் செய்வது மூன்று வேலை: பேசுவது, வண்டி ஓட்டுவது, எழுதுவது. பெரும்பாலான காவலர்கள் பணிக்காலம் முழுக்க ஒருவரையும் சுட்டதில்லை. துப்பாக்கியில் தவறு நேர்ந்தால் உயிர் போகும், ஆகவே அதற்கு நேரம் வேண்டும் என்ற வாதம் சரிதான். ஆனால் அறிக்கையில் தவறு நேர்ந்தால் வழக்கு போகும், பேச்சில் தவறினால் சும்மா இருந்த இடத்தில் அடிதடி வரும். அந்தக் கணக்கு யாருக்கும் பளிச்சென்று தெரிவதில்லை, அதனால் நேரமும் ஒதுக்கப்படுவதில்லை.

கவாத்து இன்னும் தேவையா?

கொஞ்சம் தேவை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தும்போது வரிசையாக நிற்கவும் ஒரே சொல்லுக்கு நகரவும் பழகியிருக்க வேண்டும். ஆனால் காவலர் பெரும்பாலும் தனியாகவோ ஒரு துணையுடனோ, உத்தரவிட ஆளில்லாத இடத்தில் முடிவெடுப்பவர். காலை முதல் மாலை வரை ‘சொன்னதைச் செய்’ என்று மட்டும் பழக்கிவிட்டு, வெளியே போனதும் யோசித்து நடந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது முரண். கத்தியும் அவமானப்படுத்தியும் வளர்க்கப்பட்டவர் அதையே தெருவில் மற்றவர்களிடம் காட்டுவார் என்ற கவலையும் பயிற்றுநர்களிடையே உண்டு. அந்தக் கவலை எனக்கும் உண்டு.

பள்ளி முடிந்த மறுநாளே தனியாக ரோந்துக்கு அனுப்பிவிடுவார்களா?

ஒழுங்காக நடக்கும் துறை அனுப்பாது. அடுத்த சில மாதங்கள் களப்பயிற்சி. என் பார்வையில் முழுப் பயிற்சியிலும் கனமான பகுதி இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்று பல இடங்களில் பின்பற்றப்படும் முறைக்கு மூலம் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரம். அங்கே 1970-இல் ஒரு புதுக் காவலர் பணியில் வண்டி ஓட்டும்போது நடந்த விபத்தில் ஓர் உயிர் போனது. அவரை வேலையை விட்டு நீக்கப் போனபோது, அவர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்ட உருப்படியான பதிவுகள் எதுவும் துறையிடம் இல்லை. அந்தக் கசப்பிலிருந்து 1972-இல் புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு புதுக் காவலருக்கும் ஒரு களப்பயிற்சி அதிகாரி. ஒவ்வொரு பணிமுறை முடிந்ததும் ஒரு தினசரி மதிப்பீட்டுப் படிவம். அதில் ஓட்டும் விதம், வழி தெரிந்திருப்பது, வயர்லெஸ்ஸில் பேசுவது, அறிக்கை எழுதுவது, தன் பாதுகாப்பைக் கவனிப்பது, மக்களிடம் நடந்துகொள்வது என்று தலைப்பு வாரியாக 1 முதல் 7 வரை மதிப்பெண். சில வாரங்களுக்கு ஒருமுறை பயிற்சி அதிகாரியும் பணிமுறையும் மாறும், ஒரே ஆளின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிக்காமல் இருக்க. கடைசிக் கட்டத்தில் பயிற்சி அதிகாரி சீருடை இல்லாமல் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். எல்லா வேலையும் புதியவர் தலையில்.

ஒரு காட்சியைப் பாருங்கள். வீட்டில் கணவன் மனைவி சண்டை என்று அழைப்பு. புதுக் காவலர் நேராகக் கதவுக்கு எதிரே நின்று தட்டுகிறார். உள்ளே போனதும் இருவரையும் கூடத்தில் வைத்தே, ‘யார் முதலில் அடித்தது?’ என்று கேட்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருவர், ‘தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்’ என்று சமையலறைப் பக்கம் நகர்கிறார், புதியவர் விட்டுவிடுகிறார். பயிற்சி அதிகாரி சட்டென்று குறுக்கே போய், ‘தண்ணீரை நாங்கள் கொண்டுவருகிறோம், நீங்கள் உட்காருங்கள்’ என்று நிறுத்துகிறார்.

வண்டிக்குத் திரும்பியதும் திட்டு விழாது, கேள்விதான் வரும். ‘கதவுக்கு நேர் எதிரே நின்றீர்களே, உள்ளே இருப்பவர் கையில் என்ன இருக்கும் என்று தெரியுமா? ஒருவர் எதிரே இன்னொருவர் உண்மையைச் சொல்வாரா? சமையலறையில் என்னென்ன இருக்கும்?’ மறுமுறை அவர் கதவின் ஓரமாக நிற்பார். இருவரையும் தனித்தனி அறையில் பேச வைப்பார், ஆனால் தன் துணைக் காவலர் கண்ணில் படும்படி நிற்பார். சமையலறைக்கு யாரையும் தனியாக விட மாட்டார். இத்தனையும் பள்ளியில் சொன்ன பாடம்தான். ஆனால் கையில் வந்தது அன்று இரவுதான்.

சான் ஹோசே முறைக்கும் குறை உண்டு. மதிப்பெண் போடுவதிலேயே கவனம் போய், கற்பது பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்ற புகார் எழுந்தது. அதற்கு மாற்றாக நெவாடாவின் ரீனோ நகரத்தில் உருவான முறையில், புதுக் காவலருக்குத் தன் பகுதியின் ஒரு நிஜப் பிரச்சினையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே முகவரியிலிருந்து ஏன் வாரா வாரம் அழைப்பு வருகிறது என்பது போல. அவர் காரணம் தேடி, மற்ற துறைகளோடு பேசி, தீர்வுக்கு முயல வேண்டும். இரண்டிலும் உள்ள நல்லதை எடுத்துக் கலந்துகொள்ளும் துறைகளும் உண்டு.

‘பள்ளியில் படித்ததையெல்லாம் மறந்துவிடு, நிஜ வேலையை நான் சொல்லித் தருகிறேன்’ என்று மூத்தவர்கள் சொல்வார்களாமே?

சொல்வார்கள். எந்த நாட்டுக் காவலரைக் கேட்டாலும் இதே வாக்கியத்தை அவரவர் மொழியில் சொல்லிச் சிரிப்பார். சில சமயம் அதில் நியாயமும் இருக்கும், காகிதத்தில் இருப்பது தெருவில் அப்படியே நடக்காது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தால் மாதக்கணக்கான பயிற்சி ஒரே வாரத்தில் அழிந்துவிட முடியும்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நிமிடத்துக்கும் மேல் அவர் கழுத்தின் மீது முழங்காலை வைத்திருந்த டெரெக் ஷாவின் 19 ஆண்டு அனுபவமுள்ள காவலர், களப்பயிற்சி அதிகாரியும்கூட. அங்கிருந்த மற்ற மூன்று காவலர்களில் இருவர் முழுக் காவலர்களாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பயிற்சி அதிகாரியாக இருந்தவரே ஷாவின்தான். இன்னொருவர், ‘பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கலாமா?’ என்று கேட்டார். குப்புறக் கிடத்தியவரைச் சீக்கிரம் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்பது அந்தத் துறையின் பயிற்சியில் இருந்த விஷயமே. மூத்தவர் வேண்டாம் என்றார். அதோடு முடிந்தது. புதியவர்கள் கற்றிருந்தார்கள். கற்றதை மூத்தவரை மீறிச் செய்ய அவர்களைப் பழக்கியிருக்கவில்லை.

மூத்தவர் தவறு செய்யும்போது தடுப்பதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும், முயற்சிகளும் நடக்கின்றன. நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை 2016-இல் ‘எபிக்’ என்ற பெயரில் சக காவலரைத் தடுக்கும் பயிற்சியைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி 2020-இல் தொடங்கிய ‘ஏபிள்’ திட்டம். உபதேசத்துக்கு இதில் வேலை குறைவு. தோளைத் தொட்டு, ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் விலகுங்கள்’ என்று சொல்வதை வேடமிட்டு நடித்து நடித்துப் பழக்குகிறார்கள். கோபத்தில் இருக்கும் சக காவலர் அதைக் கேட்டு விலகுவதையும் சேர்த்தே பழக்குகிறார்கள். இந்த இரண்டாவது பாதிதான் புத்திசாலித்தனம். விலகுவது அவமானம் இல்லை என்று முன்பே ஒப்புக்கொண்டவர்களிடம்தான் முதல் பாதி எடுபடும்.

துப்பாக்கிப் பயிற்சி என்றால் குறிபார்த்துச் சுடுவதுதானே?

அது எளிய பகுதி. நின்ற இடத்தில் நின்று, நல்ல வெளிச்சத்தில், அசையாத காகித இலக்கைச் சுட்டு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தேர்ச்சி காட்டுவதைத் துப்பாக்கி கொடுக்கும் துறைகள் வழக்கமாகச் செய்கின்றன. நிஜத்தில் என்ன ஆகிறது? நியூயார்க் காவல் துறையை ஆராய்ந்து ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிராளியும் சுடும் மோதல்களில் காவலர்களின் குண்டுகளில் 18 சதவீதமே இலக்கில் பட்டன. மீதி எங்கோ போயின. ‘எங்கோ’ என்றால் சுவர், வண்டி, அந்தப் பக்கம் போனவர். அதனால் எப்போது சுடக்கூடாது என்று முடிவெடுக்கும் பயிற்சி குறிபார்ப்பதைவிட முக்கியம். திரையில் காட்சி ஓடும் சிமுலேட்டரும், சாயக் குண்டுகளை வைத்து ஆட்களோடு செய்யும் ஒத்திகையும் அதற்குத்தான்.

பயிற்சி எப்படித் திரிந்துபோகும் என்பதற்கும் இங்கேயே ஒரு கதை உண்டு. சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவருபவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னது அது. எச்சரிக்கையாக இரு, தள்ளி நில், மறைவைத் தேடு என்பதே அதன் சாரம். வாய்வழியாகப் பரவிப் பரவி, அது ‘21 அடிக்குள் கத்தியோடு வந்தால் சுடலாம்’ என்ற விதியாகிவிட்டது. டூலர் அப்படி ஒரு விதியைச் சொல்லவே இல்லை. பல பத்தாண்டுகள் அது பள்ளிகளில் பாடமாக ஓடியது.

பேசிப் பதற்றத்தைத் தணிப்பது பிறவிக் குணம், கற்றுத் தர முடியாது என்கிறார்களே?

சிலருக்கு இயல்பாக வரும், உண்மைதான். மற்றவர்களுக்கும் கற்றுத் தரலாம் என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் காவல் நிர்வாக ஆய்வு மன்றம் 2016-இல் உருவாக்கிய ‘ஐகாட்’ பயிற்சியை லூயிவில் நகரக் காவலர்களுக்குக் கட்டம் கட்டமாகக் கொடுத்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பலப்பிரயோகம் 28 சதவீதம் குறைந்தது. மக்களுக்கு ஏற்பட்ட காயம் 26 சதவீதமும், காவலர்களுக்கு ஏற்பட்ட காயம் 36 சதவீதமும் குறைந்தன. ‘இதையெல்லாம் செய்தால் எங்கள் உயிருக்குத்தான் ஆபத்து’ என்று வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் காவலர்களிடம் நான் முதலில் சொல்வது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

அதில் மந்திரம் எதுவும் இல்லை. தூரத்தைக் கூட்டு, மறைவில் நில், நேரத்தை உன் பக்கம் இழு. ஒருவர் மட்டும் பேசு. ‘கத்தியைப் போடு! கத்தியைப் போடு!’ என்று நான்கு பேர் கத்தினால் குழம்பியிருப்பவர் மேலும் குழம்புவார். ‘என் பெயர் இது. உங்கள் பெயர் என்ன? இன்று என்ன நடந்தது?’ என்று ஒரே குரல் மெதுவாகக் கேட்டால் பல சமயம் கத்தி தானாகக் கீழே இறங்கும். எல்லாச் சமயத்திலும் இல்லை. அதற்காகத்தான் பக்கத்தில் இன்னொருவர் தயாராக நிற்கிறார்.

மனநலப் பாதிப்பு உள்ளவர்களைக் கையாளத் தனிப் பயிற்சி உண்டா?

உண்டு. மெம்ஃபிஸ் நகரத்தில் 1987-இல் கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே நெருக்கடித் தலையீட்டுக் குழு உருவானது. விருப்பப்பட்டு வரும் ரோந்துக் காவலர்களுக்கு 40 மணி நேரம் பயிற்சி, மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தினருமே பாடம் நடத்துவார்கள். அழைப்பை எடுப்பவருக்கும் பயிற்சி உண்டு, சரியான ஆளை அனுப்ப வேண்டுமே.

பலர் கவனிக்காத ஒன்று: மெம்ஃபிஸில் ஒரு மருத்துவமனை, காவலர் அழைத்து வருபவரை உடனே ஏற்றுக்கொள்ள ஒத்துக்கொண்டது. அந்தக் கதவு திறக்காத ஊரில் இதே 40 மணி நேரத்தைக் கொடுத்துவிட்டுப் பலன் இல்லையே என்று கையை விரிக்கிறார்கள். அழகாகப் பேசி வண்டியில் ஏற்றிய பிறகு எங்கே கொண்டுபோவது?

விசாரணை செய்வதற்குத் தனிப் பயிற்சி எதற்கு? கேள்வி கேட்கத் தெரியாதா?

தெரியாது என்பதுதான் இங்கிலாந்து கண்டுபிடித்த உண்மை. கில்ட்ஃபோர்ட், பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்குகளில் ஒப்புதல் வாக்குமூலங்களை நம்பித் தண்டிக்கப்பட்டவர்கள், பல ஆண்டுகள் சிறையில் கழித்த பின் 1989-இலும் 1991-இலும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். விசாரணைகளை ஒலிநாடாவில் பதிவு செய்யும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வந்திருந்தது. பதிவுகளைக் கேட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அதிர்ச்சி. கொடுமை செய்கிறார்கள் என்பதைவிட, வேலையே தெரியாமல் செய்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் தெரிந்தது. தயாரிப்பு இல்லை, பதட்டம், ‘நீதானே செய்தாய்’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது, பதில் வருவதற்குள் குறுக்கே பேசுவது.

1990-களின் தொடக்கத்தில் ‘பீஸ்’ என்ற முறை வந்தது. ஐந்து படிகள்: திட்டமிடு, பழகி விளக்கு, முழு விவரத்தையும் சொல்லவிட்டுப் பிறகு தெளிவுபடுத்து, முறையாக முடி, பின்னர் மதிப்பிடு. கேட்க எளிது, செய்வது கடினம். ‘நேற்று மாலை முதல் நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பத்து விநாடி மௌனத்தைத் தாங்குவதே பெரிய பயிற்சி என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள், வகுப்பில் பார்த்தால் நம்புவீர்கள். கையில் இருக்கும் ஆதாரத்தை எடுத்த எடுப்பிலேயே மேசையில் போடவும் கூடாது. அவர் அன்று வீட்டைவிட்டு நகரவில்லை என்று விவரமாகச் சொல்லி முடித்த பிறகு, ‘உங்கள் கைபேசி அந்த நேரத்தில் ரயில் நிலையத்தில் இருந்திருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அதற்கு இருக்கும் எடையே வேறு. அவர் உண்மையே சொல்கிறார் என்றால், கைபேசி தம்பியிடம் இருந்தது என்ற பதிலும் அப்போதுதான் வரும்.

இந்த வழியில்தான் நார்வேயும் தன் விசாரணை முறையை மாற்றிக்கொண்டது. வற்புறுத்தாத விசாரணைக்கான சர்வதேச நெறிகள் ‘மெண்டஸ் கோட்பாடுகள்’ என்ற பெயரில் 2021-இல் வெளிவந்தன. அடித்தால்தான் உண்மை வரும் என்பவர்களுக்கு என் பதில்: அடித்தால் பதில் வரும். அது உண்மையா என்று அடித்தவருக்கே தெரியாது.

பாரபட்சத்தைப் போக்கும் பயிற்சி வேலை செய்கிறதா?

ஒருநாள் வகுப்பை மட்டும் நம்பினால் பெரிதாக இல்லை. நியூயார்க் நகரக் காவலர்களுக்கு மறைமுகப் பாரபட்சம் பற்றிக் கொடுத்த பயிற்சியை மதிப்பிட்ட 2020 ஆய்வில், காவலர்களுக்கு விஷயம் புரிந்தது தெரிந்தது. யாரை நிறுத்துகிறார்கள், யாரைக் கைது செய்கிறார்கள் என்பதில் பயிற்சியால் வந்த மாற்றம் என்று எதையும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. மாறாக, மக்களிடம் மரியாதையாக, காரணம் சொல்லி, காது கொடுத்துக் கேட்டு நடந்துகொள்ள 40 மணி நேரம் தீவிரமாகப் பயிற்சி கொடுத்து, அமெரிக்காவின் மூன்று நகரங்களில் குற்றம் மிகுந்த தெருக்களில் நடத்திய சோதனையின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. அதில் கைதுகள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன, குற்றமும் 14 சதவீதம் குறைந்தது. ‘உன் மனதில் அழுக்கு இருக்கிறது’ என்று சொல்வதைவிட ‘இப்படிச் செய்’ என்று காட்டுவது நன்றாக வேலை செய்கிறது போல.

பணியில் சேர்ந்த பிறகும் பயிற்சி உண்டா?

காகிதத்தில் பெரும்பாலான இடங்களில் உண்டு. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பணியிடைப் பயிற்சி கட்டாயம் என்று விதி இருக்கும். ஆண்டுக் கடைசியில், கணக்கு முடிக்கும் அவசரத்தில், இரவுப்பணி முடித்து வந்தவர்களை ஒரு அறையில் உட்கார வைத்து ஸ்லைடு ஓட்டுவார்கள். கையெழுத்து வாங்குவார்கள். பயிற்சி முடிந்தது!

கைத்திறன் அப்படி நிற்காது. மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியைப் பழகியவர்களிடம்கூட, பயிற்சி இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே திறன் தேய்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைவிலங்கு மாட்டுவதும், ரத்தம் கொட்டும் கையில் இறுக்குப்பட்டை கட்டுவதும், வேகமாகப் போகும் வண்டியைத் திருப்புவதும் அதே ரகம். ஆண்டுக்கு ஒரு முழு நாள் கொடுப்பதைவிட, அதே எட்டு மணி நேரத்தை மாதத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது மேல்.

செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, ரோல்கால் பயிற்சி. பணிமுறை தொடங்குமுன் எல்லாரும் கூடியிருக்கும் அந்தப் பத்து நிமிடம் போதும். சென்ற வாரம் தங்கள் துறையிலேயே உடற்கேமராவில் பதிவான ஒரு துண்டைப் போட்டு, நடுவில் நிறுத்தி, ‘இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் தூங்குபவரும் நிமிர்ந்து உட்காருவார். ஒரு நிபந்தனை. அந்தப் பதிவில் இருப்பவரைத் தண்டிக்கவோ கேலி செய்யவோ அது பயன்படக் கூடாது. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பதவி உயர்வு பெற்றவர்களுக்குப் பயிற்சி?

பெரும்பாலான துறைகளின் பெரிய ஓட்டை இதுதான். நல்ல காவலர் தேர்வு எழுதி எஸ்.ஐ., சார்ஜென்ட் என்று ஏதோ ஒரு பெயரில் மேற்பார்வையாளர் ஆகிறார். நேற்றுவரை கூட இருந்த நண்பர்களை இன்று கண்காணிக்க வேண்டும், அவர்கள் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும், குடித்துவிட்டு வந்தவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒன்றையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பதவி ஏற்று ஓராண்டு கழித்துப் பயிற்சிக்கு அழைப்பு வரும், அதற்குள் தானாக ஏதோ ஒரு பழக்கத்துக்கு வந்திருப்பார். உயர் அதிகாரிகளுக்கு வாய்ப்புகள் அதிகம். எஃப்.பி.ஐ. 1935 முதல் நடத்தும் தேசிய அகாடமியின் பத்து வாரப் பயிற்சிக்கு வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். ஆனால் தெருவில் நடப்பதைத் தினமும் பார்ப்பவர் முதல்நிலை மேற்பார்வையாளர்தான். பணம் ஓர் இடத்தில்தான் போட முடியும் என்றால் அங்கே போடுங்கள் என்பேன்.

ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் சிறிய துறை எப்படிச் சமாளிக்கும்?

சிரமம்தான். அமெரிக்க உள்ளூர் காவல் துறைகளில் கிட்டத்தட்ட பாதியில் பத்துப் பேருக்கும் குறைவான முழுநேரக் காவலர்களே இருப்பதாக 2013 கணக்கு சொன்னது. ஒருவரை ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பினால் அவர் இடத்தை நிரப்ப மற்றவர்கள் கூடுதல் நேரம் பார்க்க வேண்டும். பயிற்சிக் கட்டணத்தைவிட அந்தக் கூடுதல் நேரச் சம்பளம்தான் பெரிய செலவு. பக்கத்து ஊர்த் துறைகள் சேர்ந்து பொதுவான பயிற்சிக் கூடமும் பயிற்றுநரும் வைத்துக்கொள்வது, ஒருவரை அனுப்பிப் பயிற்றுநராக்கி அவர் வந்து மற்றவர்களுக்குச் சொல்வது ஆகிய வழிகள் நடைமுறையில் ஓடுகின்றன. இணையவழிப் பாடம் சட்ட மாற்றங்களைச் சொல்ல உதவும், கைவிலங்கு மாட்டக் கற்றுத் தராது.

காவலருக்குப் பயிற்சி கொடுக்காததற்கு நகர நிர்வாகம் பொறுப்பாகுமா?

அமெரிக்காவில் ஆகும். ஓஹாயோவின் கேன்டன் நகரத்தில் கைதான ஒரு பெண் காவல் நிலையத்தில் பலமுறை நிலைகுலைந்து விழுந்தார். அவரைத் தரையிலேயே கிடக்க விட்டார்கள், மருத்துவ உதவி இல்லை. அந்த வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பயிற்சிக் குறைபாடு மக்களின் உரிமைகள் மீது வேண்டுமென்றே காட்டும் அலட்சியம் என்ற அளவுக்குப் போனால், நகரமே பொறுப்பு. அதன் பிறகு பயிற்சிப் பதிவேடுகள் தடித்துப் போயின. பதிவேடு தடித்த அளவுக்குப் பயிற்சி வளர்ந்ததா என்பது வேறு கேள்வி.

உலக அளவில் பார்த்தால், பலப்பிரயோகம் பற்றி 1990-இல் ஐ.நா. வெளியிட்ட அடிப்படைக் கோட்பாடுகள் தொடர்ந்த பயிற்சியை அரசின் கடமையாகவே வைக்கின்றன. சமாதானமாகத் தீர்ப்பது, கூட்டத்தின் மனநிலையைப் புரிந்துகொள்வது, பேசி இணங்கவைப்பது ஆகியவற்றையும் பெயர் சொல்லியே கேட்கின்றன.

பட்டப்படிப்பு இருந்தால் நல்ல காவலராவாரா?

கொஞ்சம் உதவும், உத்தரவாதம் இல்லை. எழுதுவதற்கும் சட்டம் புரிவதற்கும் கைகொடுக்கும்.

எங்கள் ஊர்க் காவல் துறையில் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்கத் தடையில்லை. பல துறைகளில் ஆண்டறிக்கை உண்டு, மக்கள் கூட்டங்களும் நடக்கும். அங்கே எழுந்து நின்று கேட்கக்கூடிய சில கேள்விகள்: களப்பயிற்சி அதிகாரிகளை எப்படித் தேர்வு செய்கிறீர்கள்? மக்கள் புகார் நிலுவையில் இருப்பவர் அந்தப் பொறுப்பில் இருக்கிறாரா? களப்பயிற்சியில் தேறாமல் போனவர் யாராவது உண்டா? எவருமே தேறாமல் போனதில்லை என்றால் மதிப்பீடு சும்மா சடங்கு என்று சந்தேகிக்கலாம். பலப்பிரயோக அறிக்கைகளைப் பயிற்றுநர்கள் படிக்கிறார்களா, படித்து எந்தப் பாடத்தை மாற்றினார்கள்? கடைசியாக மேற்பார்வையாளர் ஆனவர் பதவி ஏற்பதற்கு முன் பயிற்சி பெற்றாரா, பின்பா?

தலைக்கு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தோம் என்ற எண்ணை மட்டும் காட்டினால், அதில் எத்தனை மணி நேரம் திரை முன் தனியாக உட்கார்ந்து ‘அடுத்து’ பொத்தானை அழுத்தியது என்று பிரித்துக் கேளுங்கள்.